விருந்தாளிகள் தங்கும் பெட்டி

தமிழில் விருந்து என்ற சொல்லுக்கு முதல் பொருள் புதுமை. புதிதாகப் புனையப்படும் செய்யுளுக்குத் தொல்காப்பியம் அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறது. புதிதாக வாசலுக்கு வந்தவரும் அதனாலேயே விருந்து ஆனார். அவருக்குப் போடும் சாப்பாட்டுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது பிற்பாடு. கம்ப்யூட்டர்காரர்கள் கையில் இந்தச் சொல் போனபோது விஷயம் தலைகீழாகிவிட்டது. அவர்கள் 'கெஸ்ட்' என்று சொல்லும் விருந்தாளி புதியவராக இருக்க வேண்டியதில்லை. பல சமயங்களில் படு கிழவராக இருப்பார். தவிர, தான் விருந்துக்கு வந்திருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. வீடு மொத்தமும் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு காரியம் பார்ப்பார்.

சங்கதி இதுதான். லினக்ஸ் ஓடும் ஒரு சர்வர் இருக்கிறது. அதற்குள் விண்டோஸ் 98 ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பி ஒன்று, வேறு ரக லினக்ஸ் இரண்டு என்று பல ஆபரேட்டிங் சிஸ்டங்களை ஒரே சமயத்தில் ஓடவிடலாம். ஒவ்வொன்றுக்கும் தனி பிராசஸர், தனி மெமரி, தனி ஹார்ட் டிஸ்க், தனி நெட்வொர்க் கார்டு இருப்பதுபோல ஒரு தோற்றம் உண்டாக்கப்படும். அதற்கு 'வர்ச்சுவல் மெஷின்' என்று பெயர். தமிழில் மெய்நிகர் இயந்திரம் என்கிறார்கள். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. மெய் மாதிரி ஒன்று என்கிறது சொல். ஆனால் உள்ளே நடக்கும் வேலையில் பொய் எதுவும் கிடையாது. கூட்டலும் கழித்தலும் நிஜ பிராசஸரில் நிஜமாகவே நடக்கின்றன. பொய்யாக இருப்பது உரிமை மட்டும்தான். குடக்கூலிக்கு இருப்பவர் பட்டா தன் பெயரில் இருப்பதாக நம்பினால் எப்படியோ அப்படி.

இதெல்லாம் கம்ப்யூட்டர் இலாகாவின் உள்விவகாரம் என்று வாசகர்கள் நினைக்கலாம். இன்று வலைத்தளம் நடத்தும் பலர் சொந்த இயந்திரம் வாங்குவதில்லை. அமேசான் 2006-ல் கம்ப்யூட்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு விட ஆரம்பித்தது. 2016-ல் மும்பையிலும் கடை திறந்தது. அங்கே வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரும்புப் பெட்டி அல்ல, ஒரு பெட்டிக்குள் இருக்கும் விருந்தாளி அறை. 'கிளவுட்', மேகம் என்றெல்லாம் பேசுகிறார்களே, அதன் அஸ்திவாரம் இந்த ஏற்பாடுதான்.

இது புதிய யோசனையும் அல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள கேம்பிரிட்ஜில் ஐ.பி.எம்.முக்கு ஓர் ஆய்வு மையம் இருந்தது. அங்கே ராபர்ட் கிரீஸி என்பவரின் தலைமையில் ஒரு சிறு குழு 1964 வாக்கில் வேலையை ஆரம்பித்தது. அந்தக் காலத்து கம்ப்யூட்டர் ஓர் அறை அளவு இருக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். ஒருவர் மட்டும் உட்கார்ந்து அதைப் பயன்படுத்துவது பெரிய ஊதாரித்தனம். பலர் பகிர்ந்துகொள்ள வேண்டும். மற்றவர்கள் அதற்காகப் பிரம்மாண்டமான ஆபரேட்டிங் சிஸ்டங்களை எழுதிக்கொண்டிருந்தார்கள். கிரீஸி குழு வேறு வழியில் போனது. ஆளுக்கொரு கம்ப்யூட்டர் இருப்பதாக ஒவ்வொருவரையும் நம்பவைத்துவிடுவது. பிறகு ஒருவருக்கு மட்டுமே போதுமான எளிய சிஸ்டம் ஒன்றை ஒவ்வொருவருக்கும் கொடுத்துவிடுவது. 1967 ஜனவரியில் இது நிஜமாகவே வேலைக்கு வந்தது. சி.பி.-40 என்று பெயர். ஒரே இயந்திரத்தில் 14 பொய் இயந்திரங்கள் வரை ஓடின. ஐ.பி.எம். 1972-ல் இதை முறையான விற்பனைச் சரக்காக்கியது. அதன் வாரிசு இன்றும் அந்த நிறுவனத்தின் பெரிய கம்ப்யூட்டர்களில் ஓடுகிறது. 2000-ல் ஒருவர் விளையாட்டாகச் சோதித்துப் பார்த்தபோது, அப்படிப்பட்ட ஒற்றை இயந்திரத்தில் 40,000-க்கும் அதிகமான லினக்ஸ்கள் கண் விழித்தன.

வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் வந்த சிறிய கம்ப்யூட்டர்களில் இது சுலபமாக நடக்கவில்லை. காரணம் இன்டெல் பிராசஸரின் சுபாவம். ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பர்க் இருவரும் 1974-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். விருந்தாளி அதிகாரம் தேவைப்படும் ஒரு கட்டளையைப் போட்டால், பிராசஸர் உடனே அதை நிறுத்தி வீட்டுக்காரரிடம் புகார் சொல்ல வேண்டும்; அப்போதுதான் வீட்டுக்காரர் தலையிட்டுச் சமாளிக்க முடியும் என்பது அதன் சாரம். பென்டியத்தில் 17 கட்டளைகள் இந்த விதிக்குக் கட்டுப்படாதவை என்று பிறகு கணக்கெடுத்தார்கள். அவற்றில் ஒன்று, 'இனி யாரும் என்னைக் குறுக்கிடக் கூடாது' என்று விருந்தாளி சொல்ல உதவும் கட்டளை. அதிகாரம் இல்லாதவர் அதைச் சொன்னால் பென்டியம் நிறைவேற்றாது, மறுக்கவும் செய்யாது. தலையை ஆட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும். நம் ஊர் அரசு அலுவலகங்களுக்கு அலைந்தவர்களுக்கு இந்த ரகம் அத்துப்படி.

1998-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கப்பட்ட வி.எம்.வேர் நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மெண்டல் ரோசன்ப்ளம், அவர் மனைவி டயான் கிரீன் முதலானோர் சேர்ந்து தொடங்கியது. விருந்தாளியின் நிரலை ஓடும்போதே முன்கூட்டிப் படித்து, வம்பான கட்டளைகளை மட்டும் மாற்றி எழுதி, மீதியைத் தொடாமல் விட்டுவிடுவது அவர்கள் உத்தி. இதற்கு அவர்கள் வைத்த பெயரே 'பைனரி மொழிபெயர்ப்பு'. தேவையான இடத்தில் மட்டும் கை வைத்து, மற்ற இடங்களில் கையைக் கட்டிக்கொள்ளும் மொழிபெயர்ப்பாளரை எங்கள் தொழிலில் நான் அதிகம் பார்த்ததில்லை.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் (உலகில் இந்தச் சமாசாரத்துக்கு இரண்டு கேம்பிரிட்ஜ்கள் வாய்த்தது தற்செயல்) 2003-ல் வெளியான ஸென் இன்னொரு பாதை. மூல ஆசிரியரிடமே போய், 'இந்தப் பதினேழு வாக்கியங்களை நீங்களே திருத்திக் கொடுத்துவிடுங்கள்' என்று கேட்பது போன்றது அது. லினக்ஸின் மூல நிரல் திறந்து கிடப்பதால் திருத்த முடிந்தது. விண்டோஸிடம் அந்தப் பாச்சா பலிக்காது. கடைசியில் இன்டெல் 2005 இறுதியிலும் ஏ.எம்.டி. 2006-லும் பிராசஸருக்குள்ளேயே இதற்கான வசதியைச் சேர்த்தன. முப்பது வருடக் கட்டுரைக்கு அப்போதுதான் சிலிக்கானில் பதில் வந்தது.

அந்த வசதி வந்த கையோடு நடந்ததுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த அத்தியாயம். க்யூம்ரானெட் என்ற இஸ்ரேலிய நிறுவனத்தில் அவி கிவிட்டி என்ற எஞ்சினியர் இருந்தார். விருந்தாளிகளை மேய்ப்பதற்கென்று தனியாக ஒரு சாஃப்ட்வேரைப் பூஜ்யத்திலிருந்து எழுதுவானேன் என்று அவர் யோசித்தார். யாருக்கு எவ்வளவு மெமரி, யாருக்கு எவ்வளவு நேரம் என்று பங்கிடும் வேலையை லினக்ஸ் ஏற்கெனவே நன்றாகச் செய்துகொண்டிருக்கிறது. விருந்தாளியையும் மற்றொரு சாதாரண புரோகிராமாக அதன் கணக்கில் சேர்த்துவிட்டால் போகிறது. 2006 அக்டோபரில் தன் நிரலை வெளியிட்டார். 2007 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 2.6.20 பதிப்பில் அது சேர்க்கப்பட்டுவிட்டது. கே.வி.எம். என்று பெயர். லினக்ஸ் உலகில் இவ்வளவு சீக்கிரம் வாசல் திறப்பது அபூர்வம். 2008-ல் ரெட் ஹேட் நிறுவனம் சுமார் 10.7 கோடி டாலர் கொடுத்து க்யூம்ரானெட்டையே வாங்கியது. ஸென்னில் ஆரம்பித்த அமேசான்கூட 2017 முதல் கே.வி.எம். அடிப்படைக்கு மாறத் தொடங்கியது.

கே.வி.எம். பிராசஸரையும் மெமரியையும் பார்த்துக்கொள்கிறது. ஹார்ட் டிஸ்க், திரை, கீபோர்டு, ஃபிளாப்பி டிரைவ் என்று மற்ற வேஷங்களைக் கட்டுவது க்யூ-எமு என்ற இன்னொரு சாஃப்ட்வேர். பிரான்ஸின் ஃபாப்ரிஸ் பெலார்ட் 2003-ல் வெளியிட்டது. எந்த விசேஷ உத்தரவும் கொடுக்காவிட்டால் க்யூ-எமு போடும் வேஷம் என்ன தெரியுமா? இன்டெல் 1996-ல் வெளியிட்ட 440 எஃப்.எக்ஸ். என்ற மதர்போர்டு சில்லு. வெளியே 2020-களின் சர்வர். உள்ளே விருந்தாளிக்குத் தெரிவது தொண்ணூறுகளின் பெட்டி. விண்டோஸ் 98 கண் விழித்ததும் பழகிய முகங்களைப் பார்த்து நிம்மதி அடைகிறது.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில தகவல்கள். முதலில் பிராசஸரில் அந்த வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லினக்ஸின் பிராசஸர் விவரப் பட்டியலில் இன்டெல் என்றால் வி.எம்.எக்ஸ்., ஏ.எம்.டி. என்றால் எஸ்.வி.எம். என்ற சொல் தென்படும். பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருப்பதும் உண்டு. விருந்தாளியின் ஹார்ட் டிஸ்க் என்பது வீட்டுக்காரருக்கு வெறும் ஒரு ஃபைல். 100 ஜி.பி. என்று விருந்தாளியிடம் சொல்லிவிட்டு, எழுத எழுத மட்டுமே வளரும்படி வைக்கலாம். எல்லா விருந்தாளிகளும் ஒரே நாளில் சொன்ன சொல்லைக் கேட்டு இடத்தை நிரப்ப ஆரம்பித்தால் வீட்டுக்காரர் பாடு திண்டாட்டம். மெமரி விஷயத்தில் லினக்ஸுக்கு 2009 முதல் ஒரு சாமர்த்தியம் உண்டு. நான்கு விருந்தாளிகளிடம் ஒரே மாதிரியான பக்கம் இருந்தால் ஒரு பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு நால்வருக்கும் காட்டும். ரயிலில் ஒரே பத்திரிகையைப் பெட்டி முழுவதும் படிப்பதில்லையா, அது மாதிரி.

விண்டோஸை நிறுவும்போது 'டிஸ்க்கே இல்லை' என்று அது அடம் பிடித்தால் பதற வேண்டாம். வேகத்துக்காக லினக்ஸ்காரர்கள் உண்டாக்கிய 'விர்ட்-ஐஓ' என்ற கற்பனை டிஸ்க்கைக் கொடுத்திருப்பீர்கள். அதற்கான டிரைவர் விண்டோஸிடம் இருக்காது. தனியாகத் தர வேண்டும். இந்தியர்களுக்கென்றே ஒரு தனித் தொல்லையும் இருக்கிறது. க்யூ-எமு சாதாரணமாகத் தன் கடிகாரத்தில் கிரீன்விச் நேரத்தைக் காட்டும். கடிகாரம் காட்டுவது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். விளைவு, விருந்தாளி ஐந்தரை மணி நேரம் பின்தங்கி வாழ்கிறார். காலை பத்தரைக்கு அடித்த பில்லில் விடியற்காலை ஐந்து மணி என்று விழும். கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒரே வரி போதும். ஆனால் அந்த வரி தெரியாமல் கணக்குப் பிள்ளைகள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பழைய விருந்தாளிகளுக்கு வசதி அதிகமானாலும் ஆகாது. விண்டோஸ் 98-க்கு 512 எம்.பி.க்கு மேல் மெமரி கொடுத்தால் தடுமாறும். விண்டோஸ் 95 வேகமான பிராசஸரைக் கண்டால் புறப்படும்போதே விழுந்துவிடும். ஒரு சுற்றை எண்ணி முடிக்க ஆகும் நேரத்தால் வகுக்கப்போய், அந்த நேரம் பூஜ்யமாகிவிடுவதுதான் காரணம்.

இத்தனை சிரமப்பட்டு அந்தக் கிழவர்களை யார் கூப்பிடுகிறார்கள்? இந்தக் கேள்விக்குத் தமிழ்க்காரர்களிடம் அழுத்தமான பதில் ஒன்று இருக்கிறது. தமிழ் கம்ப்யூட்டருக்குள் வந்த முதல் பத்துப் பதினைந்து வருடங்களில் எழுத்துக்கு ஒரே முறை கிடையாது. யூனிகோடின் முதல் பதிப்பில் 1991-லேயே தமிழ் இருந்தது. ஆனால் அச்சகத்து மேசைக்கு அது வர வெகு காலம் ஆயிற்று. அதுவரை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்து ஓட்டினார்கள். பாமினி என்ற எழுத்துருவில் 'அம்மா' என்று தெரிவது உண்மையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். எழுத்துருவை எடுத்துவிட்டால் அம்மாவும் போய்விடுவாள். இப்படி ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு முறை. 1999-ல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று இரண்டு தரங்களை அறிவித்தது. 2010-ல் யூனிகோடுக்கு வந்தது. இடையில் வெளியான ஏராளமான புத்தகங்களின் மூலப் பிரதிகள் பேஜ்மேக்கர் ஃபைல்களாகத் தூங்குகின்றன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்தது 2001-ல். அந்தக் காலத்து 16 பிட் புரோகிராம்களை 64 பிட் விண்டோஸ் சீந்தாது. விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது. 32 பிட்டிலும் கிடைத்த விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துபோனது.

தில்லியில் எனக்குத் தெரிந்த ஓர் அச்சகம் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் நடத்துகிறார், எழுபதைத் தாண்டிவிட்டார். கல்யாணப் பத்திரிகை, சங்க ஆண்டு மலர் என்று காலம் ஓடியது. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் தொகுத்த இந்தி-தமிழ் அலுவல் சொல்லகராதியை 1999 முதல் ஐந்து வருடம் அவர் பக்கம் பக்கமாக அடித்து வைத்திருந்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் எந்தக் கோப்பில், எந்தச் சுற்றறிக்கையில் பார்த்தேன் என்று குறிப்பு. பதிப்பிக்கப் பணம் சேரவில்லை. ஆசிரியர் காலமாகிவிட்டார். கையெழுத்து அட்டைகள் வீடு மாறும்போது போயின. கடந்த ஆண்டு அச்சகத்தின் பழைய கம்ப்யூட்டர் புகைந்து அடங்கியது. விஷயம் கேள்விப்பட்டு ஆசிரியரின் மகள் வந்துவிட்டார். "மாமா, அப்பாவோட அகராதி அந்தப் பெட்டிக்குள்ளதானே இருக்கு?" என்று அவர் கேட்டபோது அச்சகத்துக்காரர் பதில் சொல்லாமல் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

நொய்டாவில் சர்வர்களைப் பராமரிக்கும் திருநெல்வேலிப் பையன் ஒருவனை அழைத்துப் போனேன். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "புகைஞ்சது பவர் சப்ளைதாண்ணே. ஹார்ட் டிஸ்க் உசுரோட இருந்தாப் போதும், பெட்டி எதுக்கு?" என்றான். டிஸ்க்கைக் கழற்றி ஓர் அடாப்டர் வழியாகத் தன் லினக்ஸ் இயந்திரத்தில் மாட்டி, முதல் காரியமாக அதை முழுவதுமாக ஒரு ஃபைலில் பிரதி எடுத்தான். கெட்டுப்போன பகுதிகளைத் தாண்டிப் போய், நல்லதையெல்லாம் எடுத்த பிறகு திரும்பி வந்து கெட்டதோடு மல்லுக்கட்டும் ஒரு சாஃப்ட்வேர் அதற்கு இருக்கிறது. சில இடங்கள் தவிர எல்லாம் வந்துவிட்டன. மொத்தமே நான்கு ஜி.பி. சொச்சம். இன்றைய கைப்பேசியில் ஒரு சினிமாவுக்கு ஆகும் இடம்.

பிரதியை க்யூ-எமுவிடம் கொடுத்ததும் விண்டோஸ் 98 எழுந்தது. 'புதிய ஹார்டுவேர் கண்டேன்' என்று அரை மணி நேரம் புலம்பியது, ஒரிஜினல் சி.டி.யைக் கேட்டது. அச்சகத்துக்காரர் அதை ரசீதோடு பத்திரமாக வைத்திருந்தார். இங்கே ஒரு சட்ட விஷயம். 1957-ம் வருட இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமை முறைப்படி வைத்திருப்பவர் எந்த நோக்கத்துக்காக வாங்கினாரோ அதற்காகப் பயன்படுத்தவும், அழிவிலிருந்து தற்காலிகமாகக் காப்பாற்றவும் பிரதி எடுக்க அனுமதிக்கிறது. எங்கோ இணையத்தில் கிடைக்கும் பழைய விண்டோஸை இறக்கிக்கொள்வதற்கு அந்தப் பிரிவு கைகொடுக்காது. கம்பெனி அந்தச் சரக்கைக் கைவிட்டுவிட்டது என்பதால் உரிமையும் காலாவதியாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பழைய ரசீதுகளைக் குப்பையில் போடாதவர்கள் இந்த விஷயத்தில் பாக்கியசாலிகள்.

அடுத்த தடை 'லாக்'. தொண்ணூறுகளில் தமிழ் எழுத்துரு விற்றவர்கள் திருட்டுக்குப் பயந்து பிரிண்டர் வாயிலில் செருக ஒரு சிறு கட்டையைத் தருவார்கள். அது இருந்தால்தான் சாஃப்ட்வேர் அசையும். விருந்தாளிக்கு டிஸ்க்கைக் கற்பனையில் தரலாம், கட்டையைத் தர முடியாது. அது நிஜமாக எங்காவது செருகப்பட்டிருக்க வேண்டும். இன்றைய சர்வர்களில் அந்த வாயில் கிடையாது. நல்லவேளையாக, கட்டை தேவைப்பட்டது புதிதாகத் தமிழ் அடிப்பதற்குத்தான். அடித்ததைப் பார்க்க எழுத்துரு மட்டும் போதும். பேஜ்மேக்கர் திறந்தது. 'அ' வரிசையின் முதல் பக்கம் திரையில் வந்தபோது அச்சகத்துக்காரர், "இந்த வரிக்கு நான் விட்ட இடைவெளிகூட அப்படியே இருக்கு சார்" என்றார்.

திரையில் தெரிவது வேறு, இன்றைய தமிழாக மாற்றுவது வேறு. அந்தக் கம்பெனியின் எழுத்து முறைக்குத் தயார் நிலையில் மாற்றி எதுவும் கிடைக்கவில்லை. விருந்தாளியின் திரையை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, எந்தக் குறிக்கு எந்த வடிவம் என்று பட்டியல் போட்டோம். பழைய முறையில் கொம்பு முதலில் வரும், மெய் பிறகு வரும். யூனிகோடில் நேர்மாறு. 'கொ' என்பதைக் கொம்பு, க, கால் என்று மூன்றாகப் பிரித்து வைத்திருந்ததை ஒன்றாகக் கட்ட வேண்டும். இதையெல்லாம் நிரல் செய்துவிட்டது. நிரலுக்குப் பிடிபடாதது தட்டச்சுக்காரர்களின் பழக்கம். தட்டச்சு இயந்திரத்தில் பழகியவர்கள் ரகரத்துக்குப் பதில் காலைப் போட்டு அதன் மேல் கொக்கியைப் போட்டு 'ரி' ஆக்கிவிடுவார்கள். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கம்ப்யூட்டர் தேடினால் 'வரி' என்ற சொல்லே அகராதியில் இல்லை என்று சொல்லும். இன்று இணையத்தில் கிடைக்கும் பழைய தமிழ்ப் பிரதிகள் பலவற்றில் இந்தக் குளறுபடியைப் பார்க்கலாம்.

விண்டோஸ் 98-க்கு நெட்வொர்க் தரவில்லை. மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை நிறுத்தியது 2006 ஜூலையில். வெளியுலகம் இன்று எப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அறைக் கதவைப் பூட்டி வைப்பதுதான் மரியாதை. பூட்டியே வைத்தாலும் சுவர் எவ்வளவு உறுதி என்ற கேள்வி எப்போதும் உண்டு. 2015 மே மாதம் க்யூ-எமுவில் ஓர் ஓட்டை கண்டுபிடித்தார்கள். 'வெனம்', அதாவது விஷம் என்று பெயர் வைத்தார்கள். விருந்தாளி அறையிலிருந்து வீட்டுக்காரரின் அறைக்குள் புகுந்துவிட வழி செய்யும் ஓட்டை. அது எங்கே இருந்தது என்றால், யாருமே பயன்படுத்தாத கற்பனை ஃபிளாப்பி டிரைவின் நிரலில். 2004 முதல் அங்கேயே இருந்திருக்கிறது. ஃபிளாப்பி டிரைவ் வேண்டாம் என்று சொன்னவர்களின் இயந்திரத்திலும் அந்த நிரல் சத்தமில்லாமல் விழித்துக்கொண்டிருந்தது. 2018-ல் வெளிவந்த மெல்ட்டவுன், ஸ்பெக்டர் கோளாறுகள் இன்னும் மோசம். அவை பிராசஸரிலேயே இருந்தன. வீட்டுக்காரர் லினக்ஸை அவ்வப்போது புதுப்பிப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்து கிடையாது. விருந்தாளி கிழவராக இருக்கலாம், வீட்டுக்காரர் இருக்கக் கூடாது.

எந்த வீட்டுக்காரர் என்பதும் சாதாரணக் கேள்வி அல்ல. பெரிய அலுவலகங்கள் பல வருடங்கள் வி.எம்.வேரையே நம்பியிருந்தன. பிராட்காம் நிறுவனம் அதை 6,100 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக 2022-ல் அறிவித்து, 2023 நவம்பரில் வாங்கி முடித்தது. அடுத்த மாதமே, ஒரு முறை பணம் கட்டி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் விற்பனையை நிறுத்தியது. இனி சந்தாதான். 2024 பிப்ரவரியில் சர்வருக்கான இலவசப் பதிப்பு மறைந்தது. 2025 ஏப்ரலில் ஏனோ திரும்பி வந்தது. அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. டெலிபோன் நிறுவனம் 2024-ல் கோர்ட் வரை போய், பிறகு சமாதானமாயிற்று. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது என்றால் இரண்டு கம்ப்யூட்டர் வைத்திருக்கும் அச்சகத்தின் கதியை யோசித்துப் பாருங்கள். லினக்ஸில் இந்தப் பயம் இல்லை. கே.வி.எம்.முக்கு நாளைக்கு யாராவது விலை வைத்தால், இன்றைய பிரதியை யாரும் பிடுங்க முடியாது. இலவசம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பையனைப் போல ஓர் ஆள் வேண்டும். அவனுக்குச் சம்பளம் வேண்டும். வியன்னாவைச் சேர்ந்த புராக்ஸ்மாக்ஸ் மாதிரியான நிறுவனங்கள் இதே சரக்கை எளிதாக்கித் தருகின்றன; உதவிக்கு ஆள் வேண்டுமென்றால் அவர்களும் சந்தாதான் கேட்கிறார்கள். ஆனால் சந்தா கட்டாவிட்டால் கதவைச் சாத்துவதில்லை.

அச்சகத்தில் இப்போது பழைய சர்வர் ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறார்கள். லினக்ஸ் வீட்டுக்காரர், மூன்று விருந்தாளிகள். ஜி.எஸ்.டி. கணக்கு ஒன்றில். அன்றாட அச்சு வேலை இன்னொன்றில். மூன்றாவது விண்டோஸ் 98. பெரும்பாலும் அணைத்தே கிடக்கிறது. ஒரு பெட்டி புகைந்தால் இப்போது மூன்றும் சேர்ந்து போகும் என்பதை அச்சகத்துக்காரர் நான் சொல்லாமலே புரிந்துகொண்டார். விருந்தாளியின் பழைய நிலையை அதே டிஸ்க்கில் நினைவு வைத்துக்கொள்ளும் வசதியைக் காட்டி, "இதுவே பேக்கப்தானே?" என்று ஒரு கடைக்காரர் அவரிடம் சொல்லியிருக்கிறார். "டிஸ்க் போனா நினைவும் சேர்ந்துதானே சார் போகும்?" என்று கேட்டு அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். வாரம் ஒருமுறை மூன்று ஃபைல்களும் வெளி டிஸ்க் ஒன்றுக்குப் போகின்றன. விண்டோஸ் 98-ன் ஃபைல் மட்டும் இன்னொரு பிரதியாக ஆசிரியரின் மகள் வீட்டு பீரோவில், நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் தினமும் இரவு பத்துப் பக்கம் மெய்ப்பு பார்க்கிறார். 'ப' வரிசைக்கு வந்திருக்கிறார்.